எழுபத்துமூன்று வயதில் ஒரு மைக்: லெனார்ட் கோஹனின் லண்டன் கச்சேரிப் பதிவு

நண்பர் சொன்னார் என்பதற்காகக் கனடாவின் பாடகரும் கவிஞருமான லெனார்ட் கோஹனின் ‘லைவ் இன் லண்டன்’ ஆல்பத்தில் மூன்று பாட்டு கேட்டேன், மனிதர் பாடவே இல்லையே, அடிவயிற்றிலிருந்து பேசுகிறாரே, இதற்கா இவ்வளவு கொண்டாட்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, நேரடிக் கச்சேரி என்கிறார்கள், ஆனால் ஒரு பிசிறுகூட இல்லை, பிறகு ஸ்டுடியோவில் ஒட்டுப்போட்டார்களா என்றும் ஒரு சந்தேகம். இரண்டு கேள்விபோலத் தெரிந்தாலும் நீங்கள் கேட்க வந்தது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: வயதான ஒருவரின் குறையை மரியாதைக்காக நிறை என்கிறார்களா, இல்லை அதில் காதுக்கு உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?

நான் இசை விமர்சகன் அல்ல. இருபது ஆண்டுகளுக்கு மேலாக மேடை ஒலியமைப்பும் கச்சேரி ஒலிப்பதிவும்தான் பிழைப்பு. ஆகவே மைக், கூட்டம், மேடை, மிக்ஸிங் (பல மைக்குகளின் ஒலியைக் கலப்பது) பற்றிச் சொல்வதைத் தைரியமாகச் சொல்வேன். கவிதையைப் பற்றிச் சொல்வது ஒரு ரசிகனின் பேச்சு. அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். காதால் ஊகித்தது எது, உறுதியாகத் தெரிந்தது எது என்பதையும் அந்தந்த இடத்தில் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. இந்தக் கச்சேரி நடந்தது 2008 ஜூலை 17 அன்று, லண்டனின் ஓ2 அரங்கில். தேம்ஸ் கரையில் மில்லெனியம் டோம் என்று கட்டி, என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச காலம் விழித்துக்கொண்டிருந்தார்களே, அந்தக் கூடாரத்துக்குள் 2007-இல் திறந்த அரங்கம் அது. ஏறத்தாழ 20,000 பேர் உட்காரலாம். ஆல்பம் 2009 மார்ச் கடைசியில் இரண்டு குறுந்தகடுகளாக வந்தது. மொத்தம் 26 டிராக்குகள்; கேட்டு முடிக்க இரண்டரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். கோஹன் பிறந்தது 1934 செப்டம்பரில், கனடாவின் மான்ட்ரியலில். மேடையேறிய அன்று அவருக்கு 74 நிறைய இரண்டு மாதம் பாக்கி.

அதற்கு முன் அவர் ஊர் ஊராகப் பாடப் போனது 1993-இல். அடுத்த ஆண்டே லாஸ் ஏஞ்சலிஸுக்கு அருகே உள்ள மவுண்ட் பால்டி ஜென் மடத்துக்குப் போய்விட்டார். 1996-இல் அங்கே துறவியாகத் தீட்சை பெற்றார். மடத்தில் அவருக்கு இட்ட பெயர் ஜிக்கன். மௌனம் என்று பொருள் சொல்வார்கள். பாடகருக்கு வைக்கும் பெயரா என்று சிரிக்கத் தோன்றும், ஆனால் இந்த ஆல்பத்தைக் கேட்டால் பொருத்தம்தான் என்று படும். 1999-இல் மடத்தை விட்டு இறங்கியபின் மும்பைக்கு வந்து, வங்கித் தலைவராக இருந்து ஓய்வுபெற்று அத்வைதம் பேசிக்கொண்டிருந்த ரமேஷ் பால்சேகரின் காலை நேர உரையாடல்களில் பல நாட்கள் உட்கார்ந்திருக்கிறார். ஆண்டுக்கணக்காக வாட்டிய மனச்சோர்வு அந்தக் காலத்தில்தான் விலகியது என்று பிற்பாடு அவரே சொன்னார்.

பிறகு பணம் போயிற்று. அவர் மடத்தில் இருந்த காலத்தில் வெளியே கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் ஓய்வுக்காலச் சேமிப்பில் 50 லட்சம் டாலருக்கு மேல் எடுத்துவிட்டதாக 2005-இல் கோஹன் வழக்குத் தொடுத்தார். அடுத்த ஆண்டு நீதிமன்றம் சுமார் 90 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தும் பணம் கைக்கு வரவில்லை. எழுபது வயதுக்கு மேல் மீண்டும் மேடையேறியதற்கு இதுதான் உடனடிக் காரணம். இதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் ‘காசுக்காகப் பாடிய ஆல்பம்’ என்று சிலர் முடித்துவிடுவதை நான் ஏற்க மாட்டேன். கைவிட்டுப் போன அளவு பணத்தைக் கச்சேரிகளிலேயே சம்பாதித்த பிறகும் நிறுத்தாமல் 2013 டிசம்பரில் நியூசிலாந்தின் ஆக்லாந்து வரை பாடிக்கொண்டே போனார். அந்த வயதில் மூன்று மணி நேரம் நின்று பாடுவதைக் கடன் மட்டும் செய்ய வைக்காது.

இனி குரலுக்கு வருவோம். பாடவில்லை, பேசுகிறார் என்றீர்கள். பாதி சரி. இவருடைய 1967 முதல் ஆல்பத்தையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், ஒரே ஆள் என்று நம்பக் கஷ்டமாக இருக்கும். அன்று மூக்கு வழியாக வரும் மெல்லிய குரல், கொஞ்சம் நடுக்கம். சிகரெட்டும் மதுவும் வயதும் சேர்ந்து அது படிப்படியாக இறங்கி, 1988-க்குள் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. எட்டும் சுரங்களின் எண்ணிக்கையும் அதோடு சுருங்கியது. அவர் செய்த புத்திசாலித்தனம், இல்லாத சுரத்துக்கு எட்டிப் பார்க்காமல் விட்டது. மேலே போக வேண்டிய வரிகளை ஷாரன் ராபின்சனிடமும் வெப் சகோதரிகள் இருவரிடமும் கொடுத்துவிடுகிறார். அந்த மூன்று பெண் குரல்களும் மெட்டைத் தாங்கிப் பிடிக்கின்றன; இவர் அதற்கு அடியில், தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்தங்கி, சொற்களை வைத்துக்கொண்டே போகிறார். அந்தப் பின்தங்கல் தற்செயலா என்று கேட்டால், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே அளவில் இருக்கிறது என்பேன். கை தேர்ந்தவர் மட்டுமே அப்படித் தள்ளிப் பாட முடியும்.

என் தொழில் சார்ந்த ஒரு விஷயம் இங்கே உண்டு. ஒரு பக்கம் மட்டும் கேட்கும் மேடை மைக்குகளை வாய்க்கு மிக அருகில் பிடித்தால் அடித்தொனி பெருகும். நான்கு விரற்கடை தள்ளிப் பிடித்தால் குரல் வற்றும். உதட்டோடு ஒட்டினால் மார்புக்கூடே பேசுவதுபோல் இருக்கும். பல பாடகர்கள் உச்சத்தில் கத்தும்போது மைக்கைத் தள்ளிப் பிடிக்கப் பழகியிருப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு ஏற்றம் அதிகம், இறக்கம் அதிகம். கோஹனுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. இரண்டு கைகளாலும் மைக்கைப் பொத்தியபடி, கண்களை மூடிக்கொண்டு, ஏறக்குறைய ஒரே தூரத்தில் மாலை முழுவதும் பாடுகிறார். அதனால்தான் ஹெட்ஃபோனில் கேட்கும்போது மனிதர் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றுகிறது. ரகசியம் சொல்கிற தூரம் அது. அதை 20,000 பேருக்கு ஒரே நேரத்தில் சொல்கிறார்.

சொல்வது எளிது. இவ்வளவு மெதுவாகப் பாடுகிறவரைப் பெரிய அரங்கில் கேட்கவைப்பது எங்கள் தொழிலில் தலைவலி பிடித்த வேலை. மைக்கின் ஒலியை ஏற்றினால் கூடவே டிரம்ஸும் கிட்டாரும் அதே மைக்குக்குள் புகுந்துவிடும்; இன்னும் ஏற்றினால் ஸ்பீக்கர் ஊளையிடும். ஒரே வழி, பக்கவாத்தியக்காரர்கள் எல்லோரும் அடக்கி வாசிப்பதுதான். அதைச் சொல்லிப் பாருங்கள் ஒரு டிரம்மரிடம்! இந்த ஆல்பத்தில் ரஃபயேல் கயோல் வாசிப்பதைக் கவனியுங்கள். பல பாட்டுகளில் சாப்பாட்டு மேஜையில் விரல் தட்டும் அளவுக்குத்தான் அடிக்கிறார், ஆனால் தாளம் ஒரு இடத்தில்கூடத் தொய்வதில்லை. இசைக்குழுவை நடத்தியவர் பாஸ் கிட்டார் வாசிக்கும் ராஸ்கோ பெக். கோஹனோடு 1979 சுற்றுப்பயணத்திலேயே வாசித்தவர். கிளம்புவதற்கு முன் மாதக்கணக்கில் ஒத்திகை நடந்தது. முதல் கச்சேரியை லண்டனிலோ நியூயார்க்கிலோ வைக்காமல், 2008 மே மாதம் கனடாவின் ஃப்ரெடெரிக்டன் என்ற சிறிய ஊரில் வைத்தார்கள். லண்டனுக்கு வந்து சேரும்போது இரண்டு மாதப் பழக்கம் கைகளில் ஏறியிருந்தது. நீங்கள் பிசிறு இல்லை என்றது இதன் பலன் என்பதே என் முதல் பதில்.

சரி, ஒட்டுப்போட்டிருக்கலாமா? உலகத்தில் நேரடி ஆல்பம் என்று விற்கும் பலவற்றில் ஒட்டு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. 1978-இல் வந்த தின் லிஸி என்ற ராக் இசைக் குழுவின் புகழ்பெற்ற நேரடி ஆல்பத்தில் முக்கால்வாசி ஸ்டுடியோவில் மறுபடி வாசித்தது என்று அதன் தயாரிப்பாளர் டோனி விஸ்கோண்டி சொன்னார். குழுவினர் இல்லவே இல்லை என்றார்கள். அந்த வாக்குவாதம் இன்னும் தீரவில்லை. கோஹன் ஆல்பத்தைப் பொறுத்தவரை என் காதுதான் சாட்சி, ஆவணம் அல்ல. ஆனால் காது சொல்வதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பதிவு செய்த ஒரு கச்சேரியில், வயதான வித்வான் ஒருவர் சரணத்தில் ஒரு சங்கதி நழுவியதைத் திருத்தித் தர முடியுமா என்று கேட்டார். ஸ்டுடியோவுக்கு வந்து அழகாகத் திரும்பப் பாடியும் கொடுத்தார். குரல் மட்டும் பதிவான டிராக்கை மாற்றினேன். போட்டுக் கேட்டால் புதிய சங்கதிக்குப் பின்னால் பழைய சங்கதி மெல்லிய ஆவிபோல் கேட்கிறது. மிருதங்க மைக்கில் கொஞ்சம், வயலின் மைக்கில் கொஞ்சம், கூட்டத்துக்கு வைத்த மைக்கில் கொஞ்சம் என்று அது ஏற்கெனவே எங்கும் பரவியிருந்தது. மூன்று இரவு போராடிவிட்டுப் பழையதையே வைத்தோம். மேடையில் பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கும்போது ஒருவரை மட்டும் உருவி எடுப்பது மாவிலிருந்து உப்பை எடுப்பதுபோல. கோஹன் பதிவில் வாத்தியங்களின் கசிவு குரல் மைக்குக்குள் இயல்பாக இருக்கிறது. அவர் பாடாத இடங்களிலும் அந்த அரங்கின் காற்று அறுபடாமல் தொடர்கிறது. பின்னர் பாடிச் சேர்த்திருந்தால் அந்தத் தொடர்ச்சி எங்காவது அறுந்திருக்கும். ஆக, முக்கியமான குரல் அன்றிரவுப் பாட்டுதான் என்று நம்புகிறேன்.

வேறு வகைக் கைவேலை நிச்சயம் உண்டு, எல்லா நேரடிப் பதிவிலும் உண்டு. கூட்டத்தின் நடுவே வைக்கும் மைக்குக்கு மேடை ஒலி தாமதமாக வரும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 34 மீட்டர் தள்ளி மைக் இருந்தால் பத்தில் ஒரு நொடி தாமதம். அதை அப்படியே கலந்தால் பாட்டு சேற்றில் நடக்கும். எனவே மிக்ஸிங்கில் கூட்டத்து டிராக்கை முன்னே இழுத்துச் சேர்ப்போம், அல்லது பாட்டின்போது தாழ்த்திவிட்டுப் பாட்டு முடியும்போது ஏற்றுவோம். இந்த ஆல்பத்தில் கைத்தட்டல் வந்து போகும் விதத்தில் அந்த ஏற்ற இறக்கம் தெரிகிறது. இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். நேரில் இருந்தவரின் மனம் செய்த வேலையைத்தான் இங்கே கை செய்கிறது.

அந்தக் கூட்டமும் ஒரு பக்கவாத்தியம்தான். இரண்டாம் தகட்டின் முதல் பாட்டு ‘டவர் ஆஃப் சாங்’. கோஹன் ஒரு சிறிய கீபோர்டு முன் நின்று, பொத்தானைத் தட்டித் தாளத்தை ஓடவிட்டு, கிட்டத்தட்ட ஒற்றை விரலால் ஒரு தனி ஆவர்த்தனம் வாசிக்கிறார். பள்ளிக்கூடப் பையன் வாசிப்பான் அதைவிட நன்றாக. கூட்டம் ஆர்ப்பரிக்கிறது; பெரிய மேதையைப் போல அவரும் பணிவாக நன்றி சொல்கிறார். பிறகு, பிறவியிலேயே பொற்குரல் வாய்த்தவன் நான், வேறு வழியில்லை என்று பொருள்படும் வரி வருகிறது. அரங்கம் வெடிக்கிறது. 1988-இல் ஸ்டுடியோவில் அந்த வரியைப் பதிவு செய்தபோது அது தனியாக ஒருவர் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்ட கேலி. இங்கே 20,000 பேரும் அவரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். உங்கள் கேள்விக்கு அவரே இருபது ஆண்டுக்கு முன் பதில் எழுதிவைத்துவிட்டார் என்றும் சொல்லலாம்.

இந்தச் சிரிப்பு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க, 1970 ஆகஸ்ட் கடைசியில் இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவில் நடந்த இசைத் திருவிழாவில் அவர் பாடியதைக் கேளுங்கள். அதுவும் 2009-இல்தான் ஆல்பமாக வந்தது. வயது 35. லட்சக்கணக்கான கூட்டம், கலகமும் தீவைப்புமாக நாட்கள் கழிந்து, நள்ளிரவு தாண்டித் தூக்கத்திலிருந்து எழுப்பி மேடையேற்றுகிறார்கள். சின்ன வயதில் அப்பா சர்க்கஸுக்குக் கூட்டிப் போனதையும், அங்கே ஆளுக்கொரு தீக்குச்சி கொளுத்தியதையும் மெல்லப் பேசி, நீங்களும் கொளுத்துங்கள், யார் எங்கே இருக்கிறீர்கள் என்று பார்க்கிறேன் என்கிறார். கூட்டம் அடங்குகிறது. சத்தத்துக்கு மேல் சத்தம் போடாமல் இறங்கிப் பேசி அடக்கும் வித்தை அப்போதே கையில் இருந்தது. குரல்தான் அதற்கு இன்னும் வந்து சேரவில்லை.

லண்டன் பதிவில் நான் திரும்பத் திரும்பப் போகும் இடம் ‘ஹூ பை ஃபயர்’. யூதர்கள் பெருநாள் தொழுகையில் சொல்லும் பழைய பாடலை ஒட்டியது. வரும் ஆண்டில் யார் நெருப்பால், யார் நீரால் போவார் என்று எண்ணிக்கொண்டே போகும். இங்கே அதற்கு முன் ஸ்பெயின்காரர் ஹாவியர் மாஸ் நரம்பு வாத்தியத்தில் ஒரு முன்னுரை வாசிக்கிறார். ஆலாபனை என்றே சொல்லத் தோன்றுகிறது. நரம்பில் நகம் படுவது வரை கேட்கும். கோஹன் இளைஞராக இருந்தபோது மான்ட்ரியல் பூங்காவில் சந்தித்த ஒரு ஸ்பானிய இளைஞரிடம் மூன்றே நாள் கிட்டார் கற்றார். ஆறு கார்டுகளை (chord, பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது) விரல்களில் வைத்துக் காட்டினார் அவர். நான்காம் நாள் வரவில்லை, தற்கொலை செய்துகொண்டார் என்று தெரிந்தது. என் பாட்டுகள் எல்லாமே அந்த ஆறு கார்டுகள்தான் என்று 2011-இல் ஸ்பெயினில் விருது வாங்கும்போது கோஹன் சொன்னார். மாஸ் வாசிக்கும் அந்த ஓரிரு நிமிடத்தை இது தெரிந்தபின் கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது, குறைந்தபட்சம் எனக்கு.

அவருடைய புகழ்பெற்ற பாட்டான ‘ஹல்லேலூயா’ பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஆனால் சுருக்கமாகச் சொல்கிறேன், உலகம் ஏற்கெனவே அதைப் பற்றி அளவுக்கு மேல் பேசியாகிவிட்டது. 1984-இல் அந்தப் பாட்டு இருந்த ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிடக்கூட அவருடைய கம்பெனி மறுத்தது. பாடகர்கள் ஜான் கேலும் ஜெஃப் பக்லியும் பாடித்தான் அது உலகம் சுற்றியது. லண்டன் கச்சேரி நடந்த அதே 2008-இன் கிறிஸ்துமஸில் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் முதல் இடத்தில் அலெக்ஸாண்ட்ரா பர்க் பாடியதும், இரண்டாம் இடத்தில் பக்லி பாடியதும் இருந்தன. எழுதியவர் பாடியது 36-ஆம் இடம். ஆகவே லண்டனில் அவர் பாடும்போது, தத்துக் கொடுத்த பிள்ளையைத் திரும்பத் தூக்கிக்கொள்வதுபோல் இருக்கிறது. உங்களை ஏமாற்ற லண்டன் வரை வரவில்லை என்று வரியில் ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொள்கிறார். போகும் ஊருக்கெல்லாம் அந்தந்தப் பெயரைச் சேர்த்தார் என்பதும் உண்மை.

இங்கேதான் என் குறையும் ஆரம்பிக்கிறது. மேடையில் அவர் பேசுவதும் அப்படியே. கடைசியாக இங்கே நின்றபோது எனக்கு அறுபது வயது, பைத்தியக்காரக் கனவுடன் திரிந்த சிறுவன் என்று தொடங்கி, இடையில் சாப்பிட்ட மனச்சோர்வு மாத்திரைகளின் பெயர்களை வரிசையாக ஒப்பித்து, தத்துவமும் மதமும் ஆழ்ந்து படித்தேன், ஆனால் உற்சாகம் குறுக்கே குறுக்கே புகுந்துவிட்டது என்று முடிக்கிறார். முதல்முறை கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு வேறு ஊர்ப் பதிவுகளில் அதே இடைவெளி, அதே மாத்திரைகள். அந்தக் கடைசி வரிகூட 1778-இல் லண்டனில் ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனிடம் அவருடைய பழைய கல்லூரித் தோழர் எட்வர்ட்ஸ் சொன்னதன் மறுபதிப்பு. தற்செயல்போல் தெரியும் எல்லாமே ஒத்திகை. காற்றுக்கருவிகளின் தனி ஆவர்த்தனங்களில் சில, நட்சத்திர ஓட்டலின் வரவேற்பறையை நினைவூட்டும் வழவழப்பு. முதல் தகட்டின் நடுவே ஒரே வேகத்தில் வரும் பாட்டுகளில் எனக்குக் கவனம் சிதறும். இரண்டரை மணி நேரத்தை ஒரே மூச்சில் கேளுங்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.

நீங்கள் கேட்ட மூன்று பாட்டு முதல் மூன்றாக இருந்தால், அவை இந்த ஆல்பத்தின் பலம் அல்ல. ஓர் இரவு விளக்கைக் குறைத்து, ஹெட்ஃபோனில், ‘ஹூ பை ஃபயர்’, ‘டவர் ஆஃப் சாங்’, ‘இஃப் இட் பி யுவர் வில்’ என்ற மூன்றை மட்டும் இந்த வரிசையில் கேளுங்கள். மூன்றாவதை அவர் பாடுவதே இல்லை. சில வரிகளைச் சொல்லிவிட்டு வெப் சகோதரிகளிடம் விட்டுவிடுகிறார், ஒருவர் ஹார்ப், ஒருவர் கிட்டார். வீடியோவாகவும் வந்திருக்கிறது, கிடைத்தால் அந்தப் பாட்டை அதில் பாருங்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.